வாங்கிய விலை தெரியவில்லை

வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்கள், பங்கு எவ்வளவுக்கு விற்றது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எவ்வளவுக்கு வாங்கியது என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வந்த பணம் முழுவதும் லாபமாகிவிடும், அத்தனைக்கும் வரி கட்டி அழ வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

அன்று வந்த தையல்காரம்மாவும் முழித்தார்.

"எங்க வீட்டுக்காரரு என் பேருல வாங்கிப் போட்டிருக்காரு சார். அவரு போனதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

கூட வந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரோக்கர் ஆபீசுக்குப் போன் போட்டேன். விலை அவர்களிடமும் இல்லை. வாங்கிய தேதி மட்டும் இருந்தது. எனக்கு அது போதும். அன்றைய சந்தை விலையைத் தேடி எடுத்துவிட்டு, "தப்பிச்சீங்கம்மா, வரி பாதியாயிடும்" என்றேன். தேதியையும் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது.

"அப்பதான் சார் காய்ச்சல்ல இவளுக்குக் காது போச்சு. உடனே ஆபரேஷன் பண்ணா கேக்கும்னு டாக்டர் சொன்னாரு. கையில சல்லிக்காசு இல்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. நான்தான் அவரைத் தேத்தினேன்."

பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன். வாங்கிய மொத்த விலையை வெகுநேரம் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு இதுல பாதிதான் சார் கேட்டாங்க."

மகள் நிமிர்ந்து, என்ன என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.