நாத்தனாரின் முழங்கை

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அழகு நிலையம் நடத்துகிறார். யாருக்கு முடிச்சாயம் பூசுவதானாலும் முதலில் ஒரு துளியைத் தோலில் தடவி, இரண்டு நாள் பொறுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. நாத்தனார் அதைத் தவறாமல் செய்வார். என்ன, வாடிக்கையாளரின் தோலில் தடவ மாட்டார். தன் முழங்கை மடிப்பில் தடவிக்கொள்வார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலன்னா உங்களுக்கும் ஆகாது. எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்?" என்பார். வந்தவர்கள் உருகிப்போவார்கள். அடடா, இப்படி ஒரு தியாகியை எங்கே பார்ப்பது!

நான் முடிவெட்டப் படித்தவள். கத்தரிக்கோல்தான் எனக்கு உயிர். தன் நிலையத்தில் என்னை அவர் நிறுத்தியதோ சாயக் கிண்ணத்தின் முன்னால். சில மாதங்களில் விரல் இடுக்கெல்லாம் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு. சீப்பைப் பிடித்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படியே போனால் இந்த விரல்கள் கத்தரிக்கோலுக்கு உதவாமல் போய்விடும் என்று பயந்துவிட்டேன்.

"அண்ணி, கிளவுஸாவது போட்டுக்கிறேன். இல்லன்னா முடிவெட்டுற பக்கம் மாத்திவிடுங்க."

"கிளவுஸைப் பார்த்தா வர்றவங்க பயந்துடுவாங்க. இங்க பாரு," என்று முழங்கையை நீட்டினார். "எத்தனை வருஷமா தடவுறேன், ஒரு பொட்டு சிவந்திருக்கா? எங்க வம்சத்துத் தோல் அப்படி. உன்னை உங்க வீட்டுல பொத்திப் பொத்தி வளர்த்துட்டாங்க."

வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். "அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"அக்கா சாப்பிட்டா உங்களுக்குப் பசி அடங்கிடுமா?" என்று கேட்டேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

புதுக் கிளைக்கு விளம்பரப் படம் எடுக்க வேண்டியிருந்தது. நாத்தனார் முதல் முறையாகத் தன் தலைக்கே சாயம் போட்டுக்கொண்டார். மறுநாள் முகம் ஊதி, கண் இரண்டும் காணாமல் போயிருந்தன. முழங்கை மடிப்பிலும் கொப்புளம்.

தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "அவங்கவங்க உடம்பு அவங்கவங்களுக்கு. சில உடம்பு சீக்கிரமே சண்டைக்கு வந்துடும், சிலது வருஷக்கணக்காப் பொறுத்துட்டு வரும், சிலது வராமலே இருந்துடும். பகைச்சுக்கிட்டா அப்புறம் மறக்காது. நீங்களே தடவித் தடவி அதுக்குப் பகையைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்? இனியாவது புத்தி வரும் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் நாத்தனார் வீங்கிய உதட்டோடு கத்தினார். "எல்லாம் உன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சு! இனிமே சாயத்துப் பக்கமே வராத. போய் முடி வெட்டு!"

ஒட்டுகிற நோய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விரல்களைப் பார்த்தேன். அப்படியே விழுங்கிவிட்டேன்.

விரல்கள் ஆறின. கத்தரிக்கோல் கைக்கு வந்தது. ஆனால் சாயப் பரிசோதனை நிற்கவில்லை. "தம்பி, நீ வாடா. நம்ம ரத்தம்," என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார் நாத்தனார். அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெருமையாகப் போய் நின்றார்.

"வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க," என்று கெஞ்சினேன்.

"உனக்குப் பொறாமை," என்றார்.

இன்று காலை வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து முழங்கையைச் சொறிந்துகொண்டே நின்றார். என்ன என்று கேட்டேன்.

"கொசு," என்றார்.