பூஜைக்கு நிறுத்திய காற்று

மைசூரின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், ஊரிலிருந்து திரும்பி, தான் இயக்கும் கழிவுநீர் நிலையத்தின் கதவைத் திறந்ததுமே நீலவ்வாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அழுகிய முட்டை நாற்றம். பழுப்பாகக் கொதிக்க வேண்டிய தொட்டி கறுத்துப்போய் அசையாமல் கிடந்தது. தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயருக்குச் செவ்வந்தி மாலை. சக்கரத்தில் வைத்த குங்குமம் வட்டம் கலையாமல் இருந்தது. ஓடியிருந்தால் சிதறியிருக்காதா?

"யாரு சார் நிறுத்தினது?"

"நான்தான்," என்றார் சங்கச் செயலாளர் சேஷகிரி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஆயுத பூஜைக்கு மெஷினை ஓட்டுவாங்களா? ரெண்டு நாள் ஓய்வு குடுத்தேன். நீ ஊருக்குப் போகாம இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

இரண்டு வருஷத்தில் அவள் சொந்த ஊரான கதக்குக்குப் போனது இதுதான் முதல் தடவை.

"மெஷின் ஓய்வெடுத்துச்சு. உள்ள இருந்த கோடி உசுரு மூச்சு முட்டிச் செத்துச்சு. நூத்திருபது வீட்டுக் கழிவையும் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிற பாக்டீரியா சார் அதுங்க. தின்னா மட்டும் போதுமா, மூச்சு விட வேண்டாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமைக்குள்ள தெளியலைன்னா வேற கம்பெனிக்காரன் வருவான். நீ வேற வேலை பார்த்துக்க."

"ஞாயித்துக்கிழமையே தெளியும், சார்." அவள் குரலில் சந்தேகத்தின் வாடைகூட இல்லை. இந்த வேலையை அவள் மோந்து மோந்தே கற்றவள்.

புளோயரை ஓட விட்டாள். பக்கத்துக் குடியிருப்பின் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றை இருபது கேன்களில் ஆட்டோவில் கொண்டுவந்து கொட்டினாள். தசராவுக்குப் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததால் தீனி குறைவு. வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள், அதுவும் அளவாகத்தான். அள்ளிக் கொட்டினால், தின்கிற வேகத்தில் காற்றையெல்லாம் இழுத்துத் தீர்த்துவிட்டு அவையே திணறும்.

புதன் போயிற்று. வியாழனும் போயிற்று. நாற்றம் இம்மியும் குறையவில்லை. சேஷகிரி பினாயில் கேனோடு வந்து நின்றார்.

"மேல் வீட்டுக்காரங்க பிராணனை வாங்கறாங்க. கொஞ்சம் ஊத்திடறேனே."

நீலவ்வா குறுக்கே நின்றாள். "ஊத்துனா மிச்சம் இருக்கறதையும் கொன்னுடுவீங்க. புது இடம் சார், இப்பத்தான் தீனிக்குப் பழகுதுங்க. பழகிட்டா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்புறம் உங்களால எண்ணி மாளாது."

"நீ என்ன, பேசிப் பார்த்தியா அதுங்ககிட்ட?"

"உங்ககிட்டப் பேசறதுக்கு அது தேவலை."

அவர் முணுமுணுத்தபடி கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மாலை தொட்டி முழுக்க வெள்ளை நுரை பொங்கியது. சேஷகிரி மாடியிலிருந்து போன் போட்டு அலறினார். நீலவ்வாவுக்கோ சிரிப்புத் தாளவில்லை. இளசுகள் மளமளவென்று பெருகுகிறபோது இப்படித்தான் பொங்கும். சனிக்கிழமை நுரை அடங்கியது. மழை நனைத்த மண்ணின் வாசனை வந்தது.

ஞாயிறு காலை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டி நீரை முகந்து செயலாளர் முன்னால் வைத்தாள். அரை மணி நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்கின. மேலே தெளிந்து நின்ற நீருக்குப் பின்னால் சேஷகிரியின் கைக்கடிகார முள் துல்லியமாகத் தெரிந்தது.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"தப்பு என் மேலதான், நீலவ்வா," என்றார் மெல்ல. "கம்பெனிக்காரனை வரவேண்டாம்னு சொல்லிடறேன். உனக்கு ஏதாவது வேணும்னா கேளு."

அவள் ஓடிக்கொண்டிருந்த புளோயரைப் பார்த்தாள். அதன் சக்கரத்தில் இப்போது குங்குமம் இல்லை.

"இதுக்கு ரெண்டு நாள் ஓய்வு குடுத்தீங்களே, சார். இது கேட்கவே இல்ல. அந்த ரெண்டு நாளை வருஷா வருஷம் எனக்குக் குடுங்க."