கரண்ட் போன ஒழுங்கை

இந்த ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊருக்குக் கோடையில் வந்தால் கால் வைக்க இடமிருக்காது. குளிர்காலத்தில் வந்து பாருங்கள், எங்கள் ஒழுங்கையில் நானும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவும் மட்டும்தான். மற்ற வீடுகளெல்லாம் நகரத்துக்காரர் கடலில் குளிக்க வாங்கிப் போட்டவை. வெயில் குறைந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிஞ்ஞோராவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. கடற்காற்று அம்மாவுக்கு நல்லது என்று மகன் அவரை இங்கே வைத்திருக்கிறார், பார்த்துக்கொள்ள என்னையும். எனக்கு எந்தக் காற்று நல்லதென்று யாரும் கேட்கவில்லை.

வேலை பாரமில்லை. கட்டிலுக்கு எதிரே டிவி; சிஞ்ஞோரா எழும்பியதிலிருந்து தூங்கும்வரை அதைத்தான் பார்ப்பார். என்னோடு கதைப்பது தண்ணீர், மருந்து, ஜன்னல், அவ்வளவே. சில நாட்களில் பேச்சுத் துணையில்லாமல், நறுக்கும் வெங்காயத்தோடு கதைத்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மனிதக் குரலுக்கு ஏங்கிப்போயிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளி மாலை பேய்க் காற்று. அவணில் கோழி, அறையில் ஹீட்டர், உடுப்பு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டென்று எல்லாம் நின்றது. வெளியே எட்டிப் பார்த்தேன். எங்கும் இருட்டு. தெருவிளக்கு முன்னமே பழுது, வீடுகளில் ஆட்களில்லை, இங்கே எந்நாளும் இப்படித்தான் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. வேலிக்கு மேலால் கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை. நகரத்துக்குள்ளே அல்பெர்கேரியாவில் இருக்கிற என் சிநேகிதி யூலியானாவுக்குப் போன் அடித்தேன்.

“உங்கை கரண்ட் இருக்கோ?”

“இஞ்சை இருக்கு. அங்கை போட்டுதோ, மலர்?”

“ஓம், ஒழுங்கை முழுக்க இருட்டு. காத்துக்கு வயர் அறுந்திருக்கும்.”

“மகனிட்டைச் சொல்லன்.”

“ஞாயிறு எப்பிடியும் வருவார்தானே. கரண்ட் இல்லாமல் இருக்க எனக்கு ஆர் பழக்கோணும்?”

அதோடு போனில் சார்ஜும் தீர்ந்தது.

நான் சும்மா வாய் வீசவில்லை. சண்டைக்காலத்தில் என் சொந்த ஊர் பாசையூரில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் படித்தவள். இருட்டில் இருப்பதில் பட்டம் வாங்கியவள் என்றே சொல்லலாம். ஜாம் போத்தலைக் கழுவி, கொஞ்சம் ஒலிவ் எண்ணெய் விட்டு, பஞ்சைத் திரித்துக் கம்பியில் கோத்துக் கொளுத்தினேன். காஸ் அடுப்பில் சுடுதண்ணீர் வைத்துப் போத்தல்களில் நிரப்பிப் போர்வைக்குள் செருகினேன்.

சிஞ்ஞோரா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எங்கே பழகினாய்?”

“சண்டையில்.”

“எங்களுக்கும் சண்டை வந்தது. குண்டு விழும்போது அம்மா எங்களை மேசைக்குக் கீழே தள்ளி, வாயில் காய்ந்த அத்திப்பழத்தை வைத்துவிடுவாள். அழாமல் இருக்க.”

“எங்களுக்குப் பங்கருக்குள் பழம் இல்லை, சிஞ்ஞோரா. அழுதால் அடிதான்.”

அவர் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு போர்வையின் ஓரத்தைத் தூக்கினார்.

“ஏன் குளிரில் நிற்கிறாய்? ஏறு.”

ஏறினேன். சனிக்கிழமையும் மழை விடவில்லை, நாங்கள் படி தாண்டவில்லை. அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார், புருஷனின் குறட்டையைப் பற்றிச் சொன்னார். நான் யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். குளிர்தான், ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிறு மகன் கேக் பெட்டியோடு வந்தார். இருட்டைப் பார்த்தார், திரும்பி வாசல் கேற்றடிக்குப் போனார், மீட்டர் பெட்டியைத் திறந்து சுவிட்சை மேலே தட்டினார். வீடு முழுக்க வெளிச்சம்.

“கரண்ட் எங்கும் போகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் இது விழுந்துவிடும்” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நகரத்தில், பொலிதேயாமாவில் நான் முன்பு வேலை செய்த மாடி வீட்டில் இதெல்லாம் வாயிற்காவலர் பார்த்துக்கொள்வார். எனக்கு எங்கே தெரியும்?

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மகன் போனதும் சிஞ்ஞோரா டிவிப் பக்கம் திரும்பிவிட்டார்.

“உங்கள் தம்பிக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“உஷ்,” என்றார். ஏதோ கேள்வி-பதில் போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

குசினிக்குள் போய் அழுதேன்.

திங்கள் மாலை சூப் கொடுத்தேன். ஹீட்டரைக் கூட்டி அறையை நன்றாகச் சூடாக்கினேன். சுடுதண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி அவர் காலடியில் வைத்தேன். பிறகு குப்பையை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். ஒழுங்கை முழுக்க எங்கள் ஜன்னலில் மட்டும் டிவியின் நீல வெளிச்சம். பெட்டியைத் திறந்து சுவிட்சைக் கீழே தட்டினேன்.

“திரும்பவும் போய்விட்டதா?” நான் உள்ளே வந்ததும் இருட்டுக்குள்ளிருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது.

“ஓம், சிஞ்ஞோரா. ஒழுங்கை முழுக்க.”

கட்டில் கிறீச்சிட்டது. அவர் சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் படுத்து எனக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்.