ஒரு மாத்திரை கூடிய பெயர்

என் தம்பியின் பெயர் குலசேகரம். குலத்தின் தலையிலே சூடப்படுவது என்று பொருள். எங்கள் தகப்பனார் நாள் பார்த்து வைத்த பெயர். தம்பி முப்பத்தெட்டு வயதில் சிறுநீரக நோயால் இறந்தான். அவன் விட்டுப்போன சொத்தென்று சொல்ல அதிகம் இல்லை.

ஐந்து வருடம் கழித்து, 1984இல், அவன் மனைவி தவநாயகியும் ஒரே மகன் பகீரதனும் லண்டனுக்கு வந்தார்கள். பகீரதனுக்கு அப்போது பதினொரு வயது. நோர்பரியில் என் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளை அவர்களுக்கு ஒதுக்கினேன். வந்த மறுநாளே படிவங்களை நிரப்ப உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் உண்டு. அதுவும் முன்னால் வரும். இந்த நாட்டுக்காக அதைப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்: பகீரதன் குலசேகரம். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்திலும் டொக்டரிடமும் பல் வைத்தியரிடமும் அவனை என் தம்பியின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். போனவனின் பெயர் புது ஊரில் உரத்துக் கேட்பது எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆனால் அவர்கள் அதைச் சரியாகச் சொல்லவில்லை. 'கு' குறில், ஒரு மாத்திரை. அவர்கள் 'கூ' என்று நீட்டினார்கள். அந்த ஒரு மாத்திரையை நான் அப்போதே திருத்தியிருக்க வேண்டும்.

1986 குளிர்காலத்தில் குளியலறையில் இருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. டும் என்று ஓர் அடி. ஆவி கசிவதுபோல் ட்ஸ் என்று ஒன்று. பிறகு தகரம் தட்டுப்படுவதுபோல் ஒன்று. பொயிலர் பழுதென்று நினைத்து ஆளைக் கூப்பிட்டேன். அவர் திறந்து பார்த்து, நல்ல பொயிலர், இன்னும் பத்து வருடம் ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் பொயிலரை நிறுத்தி வைத்திருந்தபோதும் சத்தம் வந்தது. கதவைத் தட்டினேன். பகீரதன் துவாயோடு வெளியே வந்தான்.

"பொயிலர் இல்லைப் பெரியப்பா. நான்தான்."

"நீயோ? எதாலை?"

"வாயாலை."

"ஏன்?"

"நல்லா இருக்குதல்லோ?"

"வாய் தேவாரம் படிக்கவும் சோறு தின்னவும் தந்தது. போய்த் தலையைத் துடை."

அதற்குப் பெயர் பீட்பொக்ஸ் என்று பிறகு அறிந்தேன். மேளம் இல்லாமல் மேளத்தின் ஓசையை உதட்டாலும் நாக்காலும் தொண்டையாலும் எழுப்புவது. அந்த அடிக்கு மேல் இன்னொருவன் வசனம்போல வேகமாக அடுக்கிக்கொண்டு போவான். எல்லாம் சேர்ந்தால் ஹிப்-ஹொப். அமெரிக்காவில் இருந்து வந்ததாம்.

பகீரதனுடைய வகுப்பில் டெல்ரோய் என்றொரு பையன் இருந்தான். பெற்றோர் ஜமேக்காக்காரர். இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கையால் முன்னும் பின்னும் தேய்ப்பான். மரியாதையான பொடியன், எங்கள் வீட்டுக்குள் வரும்போது சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றுவான். ஆனால் காரியத்தைக் கெடுத்தவன் அவன்தான். காலையில் ஆசிரியர் வரவு இடாப்பு வாசிக்கும்போது சொல்லும் 'கூலசேகரம்' அவன் காதில் மூன்றாக உடைந்து விழுந்தது: கூல், ஏ, சேகரம். 'கூல்' என்பது அந்தப் பாட்டுக்காரர் ஆசைப்பட்டுச் சூட்டிக்கொள்ளும் அடைமொழி. மற்றவர்கள் அதைத் தேடி எடுக்கவேண்டும், உனக்கோ அது பிறப்புச் சான்றிதழிலேயே கிடக்கிறது என்று பகீரதனிடம் சொல்லியிருக்கிறான்.

1988இல் தோர்ன்ரன் ஹீத் இளைஞர் மண்டபத்தில் நடந்த போட்டியில் பகீரதன் முதலாவதாக வந்தான். பிறகு பிரிக்ஸ்டனிலும் பெக்கத்திலும் கூப்பிட்டார்கள். எனக்கு இதெல்லாம் ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. கடைக் கண்ணாடியில், முருங்கைக்காய் வந்திருப்பதாக எழுதிய அட்டைக்குப் பக்கத்தில், ஒரு சுவரொட்டியில் என் தம்பியின் மகன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். மேலே பெரிய எழுத்தில், 'கூல் ஏ. சேகரம்'.

"இதைக் கழட்டும்," என்றேன் கடைக்காரரிடம்.

"அண்ணை, உங்கட பொடியன்தானே கொண்டுவந்து ஒட்டினவன்!"

நானே கழற்றினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன்.

"இது ஆற்றை பேர்?"

"என்ரை பேர்," என்றான் பகீரதன்.

"உன்ரை பேர் பகீரதன். இது உன்ரை அப்பான்ரை பேர். குலத்தைக் கொண்டுபோய்க் கூல் ஆக்கி வைச்சிருக்கிறாய்."

"பகீரதன் எண்டா 'பாகி' எண்டுறாங்கள் பெரியப்பா. தொளதொள காற்சட்டையாம். அப்பான்ரை பேர்தான் அவங்களுக்கு வடிவா வாயிலை வருது."

"வடிவாவோ? ஒரு மாத்திரை கூட."

"கால் செக்கன்கூட வராது. நான் எண்ணிப் பாத்தனான்."

"அந்தப் பேரை விடு."

"வேறை என்னவும் சொல்லுங்கோ, செய்யிறன். இது ஏலாது."

சொன்னபடியே மற்றெல்லாம் செய்தான். தலைமயிரை ஒட்ட வெட்டினான். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனான். பெயரை மட்டும் விடவில்லை.

கோயிலில் குருமூர்த்தி என்றொருவர் இருந்தார். கணக்காளர், வாய் சும்மா இராது. ஒரு வெள்ளிக்கிழமை பிரசாதம் வாங்க வரிசையில் நின்றபோது கேட்டார்: "அண்ணை, உங்கட குலசேகரம் இப்ப குளிர்சேகரமாமே? ஸ்வெற்றர் ஒண்டு பின்னிக் குடுக்கிறதுதானே?"

வரிசையே சிரித்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலை மாற்றினார். "பகிடிக்குச் சொன்னனான். அதென்ன, மிருதங்கச் சொல்லை வாயாலை சொல்லுற எங்கட கொன்னக்கோல்தானே அண்ணை."

"கொன்னக்கோல் தெரிஞ்சவன் அப்பிடிச் சொல்லான்," என்றேன்.

வீட்டில் இதைக் கேட்ட பகீரதன், "சரியாச் சொன்னீங்கள் பெரியப்பா. கொன்னக்கோலும் இல்லை, பொயிலரும் இல்லை. இது பீட்பொக்ஸ்," என்றான். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

1990இல் மேற்கு லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கம்பனி அவனைக் கேட்டது. ஒப்பந்தம் அனுப்பினார்கள். அவனுக்குப் பதினேழு வயதுதான் என்பதால் தாயும் கையெழுத்திட வேண்டும். தவநாயகி தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கடிதத்தைக் கையால் தொடாமலே சொன்னாள்: "அத்தான் வாசிச்சுச் சரியெண்டால் போடுவன். இல்லையெண்டால் இல்லை."

பகீரதன் அதற்குப் பிறகு என் முன்னால் குரலைத் தாழ்த்தியே பேசினான். தேநீர்கூடப் போட்டுத் தந்தான். அவனுக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு விளங்கியது.

லண்டனில் நான் ரயில் நிலையத்தில் ரிக்கற் கொடுத்தவன். அதற்கு முன் பதினேழு வருடம் யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், வாசித்தவன். உறுதியை மேலிருந்து கீழே வாசிப்பவன் ஏமாறுவான். முதலில் எல்லையைப் பார்க்கவேண்டும். பிறகு கிணற்றில் யாருக்குப் பங்கு என்று பார்க்கவேண்டும். ஒப்பந்தம் பத்தொன்பது பக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். பன்னிரண்டாம் பிரிவில் கிணறு இருந்தது. கலைஞரின் தொழிற்பெயர், எந்த எழுத்துக்கூட்டலில் இருந்தாலும், என்றென்றைக்கும் கம்பனிக்கே உரியது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கம்பனியின் அனுமதியில்லாமல் அவர் அதைப் பாவிக்கக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூவரும் கம்பனிக்குப் போனோம். நான் கோட்டும் டையும் அணிந்திருந்தேன். எங்களை வரவேற்ற வெள்ளைக்காரர் இளைஞர், கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. பன்னிரண்டாம் பிரிவை எடுத்துவிடச் சொன்னேன்.

"இது வழக்கமான பிரிவு, ஐயா," என்றார்.

"எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை."

"அது ஒரு மேடைப் பெயர்தானே?"

"அது இறந்துபோன என் தம்பியின் பெயர். பிழையாக எழுதிவிட்டதால் அது உங்களுடையது ஆகிவிடாது."

அவர் அடுத்த அறைக்குப் போய்ச் சட்டத்தரணியோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். பிரிவு இருக்கவேண்டும், ஆனால் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம், யாருடைய தகப்பனுக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர் என்றார்.

பகீரதன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். "ஒரு லைன்தானே பெரியப்பா. விட்டிடுங்கோ."

"விட ஏலாது."

"அப்ப வேறை பேர் வைக்கட்டோ?"

"வை."

"இதுக்குத்தானே ரெண்டு வரியமா நிண்டனீங்கள்?"

அவன் சொன்னது உண்மை. இன்னும் அரை மணித்தியாலம் பிடித்து நின்றிருந்தால் கம்பனி இறங்கி வந்திருக்கலாம். காணிப் பேரம் பார்த்தவனுக்கு அது தெரியும். நான் நிற்கவில்லை. பெயர் சுவரை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தேன். தவநாயகி என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

கம்பனி வைத்த பெயர் 'பொம்பே பீ'. பொம்பேயைப் பகீரதனும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. அவன் வந்த விமானம்கூட அந்த வழியால் வரவில்லை. இசைத்தட்டு உறையில் அவனுக்குத் தலைப்பாகை கட்டி ஒரு யானைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அதை என் மேசையில் வைத்தான்.

"பெரியப்பா, நீங்கள் அப்பான்ரை பேரைக் காப்பாத்தினீங்கள். என்னைப் பொம்பேக்கு அனுப்பிப் போட்டீங்கள்."

"தலைப்பா வடிவாத்தான் கிடக்கு," என்றாள் தவநாயகி. ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மாதமே அவன் டெல்ரோயோடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் வீடு எடுத்துப் போனான். தாயைப் பார்க்க ஞாயிறுகளில் வருவான். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவான். முதல் இசைத்தட்டு ஓரளவு போனது. இரண்டாவது போகவில்லை. 1993இல் கம்பனி அவனை விட்டுவிட்டது. ஆனால் பொம்பே பீயை விடவில்லை. ஒரு கல்லூரி விழாவுக்கு அவனை அந்தப் பெயரில் அழைத்திருந்தார்கள். பாவிக்கக் கூடாதென்று கடிதம் வந்தது. சில மாதம் போக, கம்பனி அந்தப் பெயரை லெஸ்டரில் இருந்து வந்த வேறொரு பையனுக்குக் கொடுத்தது. அவனுக்காவது பொம்பேயில் ஒரு மாமன் இருந்தாராம்.

1994இல் ஒரு ஞாயிறு பகீரதன் மேலே ஏறாமல் என் அறைக்கு வந்தான். இருபத்தொரு வயது. கம்பனியின் கடிதத்தை நீட்டினான். வாசித்தேன்.

"கூல் ஏ. சேகரம் அவங்களிட்டைப் போகேல்லைத்தானே?"

"போகேல்லை. பொம்பே மட்டும்தான் எழுதியிருக்கு."

"அப்ப அது என்ரை."

"உன்ரை அப்பான்ரை."

"ஓம். அவருக்கு நான் ஒரே பிள்ளை. உறுதிப்படி ஆருக்கு வரும் பெரியப்பா?"

உறுதிப்படி அவனுக்குத்தான் வரும். மாறாகச் சொல்ல என்னிடம் ஒரு பிரிவும் இருக்கவில்லை. பெயரை மேடையில் இருந்து இறக்கவென்று நான் செய்த வேலையால்தான் அது ஒருவர் கையும் படாமல் அவனுக்கு மிஞ்சியிருந்தது.

"அப்பிடியெண்டால் குறிலாப் போடு," என்றேன்.

"குறிலாப் போட்டா ஒருத்தனும் வரான்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனான்.

மறு வருடம் ஆடி மாதம் வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில் அவனுடைய நிகழ்ச்சி. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. தவநாயகி வந்து, "ரெண்டு ரயில் மாறவேணுமாம் அத்தான். எனக்குத் தனியாப் போகத் தெரியாது," என்றாள். பதினொரு வருடமாகத் தனியாக வேலைக்குப் போய் வருபவள். நான் அதைச் சொல்லவில்லை. டை கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மண்டபத்தில் முந்நூறு பேர்வரை நின்றார்கள். உட்கார ஒன்றும் இல்லை. டெல்ரோய் எங்கிருந்தோ இரண்டு கதிரை கொண்டுவந்து பக்கச் சுவரோரம் போட்டான். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். 'கூ' அவர் வாயில் ஆறு மாத்திரைக்குக் குறையாமல் நீண்டது. பகீரதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் அடங்கும்வரை நின்றான். பிறகு தொடங்கினான்.

கு. சொல்லவில்லை, அடித்தான், மூடிய உதட்டில் இருந்து குறுகிய ஓர் அடி. ல, நாக்கின் நுனியில். சே, பல்லுக்கிடையில் ஆவிபோல நீண்டது. க, தொண்டைக்குள். ரம் என்று உருண்டு உதடு மூடியது. மறுபடியும். மறுபடியும், கொஞ்சம் வேகமாக. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு அது வெறும் மேளம், ஆடத் தொடங்கிவிட்டார்கள். தவநாயகி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் முழங்காலில் விரலால் எண்ணினேன். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, அரை. பதினாறு தரம் வந்தது. ஒரு தரமும் 'கு' நீளவில்லை.

முடிந்தபின் வாசலுக்கு வந்தான். வியர்த்திருந்தான்.

"எண்ணினீங்களோ?"

"எண்ணினன்."

"பிழையோ?"

"கடைசி 'ம்' கூட. மெய்க்கு அரை மாத்திரைதான்."

"அது அடிச்சத்தம், பேஸ் பெரியப்பா. அவ்வளவு வேணும்."

"சரி. கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. ரயிலுக்கு நேரமாகுது," என்றேன்.

வாசற்கதவில் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் இன்னும் நெடில்தான். ஒரு மூலை கழன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது; இழுத்தால் கையோடு வந்திருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைக் கடந்து போனேன்.