பின்னால் போகாத கார்

அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள எங்கள் வீட்டுவண்டி முகாமில் ஒவ்வொரு ஜனவரியும் வென்டல் உரை நிகழ்த்துவார். படுக்கை, சமையலறையோடு பஸ் போல ஓடும் வீட்டுவண்டிக்குப் பின்னால் காரைப் பத்திரமாக இழுத்துச் செல்வது எப்படி? பதினோரு வருடமாக அதே உரை, அதே தொப்பி. உச்சகட்டம் இது: காரைக் கட்டிய வண்டியை ஓரடிகூடப் பின்னால் எடுக்கக் கூடாது, எடுத்தால் இழுவைக் கம்பி முறியும். எதிரே வண்டி வந்தால் காரை அவிழ்த்த பிறகே பின்வாங்க வேண்டும்.

யார் அவிழ்ப்பது என்று உரை சொல்லவில்லை.

அன்று காலை என் வண்டி வாசலில், ஒற்றைத் தடத்தில், வென்டலின் வண்டியும் முகாம்வாசி ரஸ்ஸின் வண்டியும் மூக்கோடு மூக்கு நின்றன. இரண்டு வண்டிக்குப் பின்னாலும் கார். வென்டலின் மனைவி லோர்னாவுக்கு மூன்று நாளாகப் பல்வலி. கன்னம் பூசணியாய் வீங்கியிருந்தது. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். காரில் போனாலே போதும். வழியில் வீட்டுவண்டியின் கழிவுத் தொட்டியையும் காலி செய்துவிடலாம் என்று வென்டல்தான் ஊர்வலமாகக் கிளம்பியிருந்தார்.

“நீ காரை அவுத்து விடு, ரஸ். நான் முகாம் சங்கத் தலைவர்,” என்றார் வென்டல்.

“தலைவருக்குத்தானே அவுக்கத் தெரியும்? நான் உன் வகுப்புல தூங்குனவன்.”

“வென்டல், மணி பத்தாகுது” என்றாள் லோர்னா.

“கொள்கைன்னு ஒண்ணு இருக்கு லோர்னா.”

ரஸ் அவர் தொப்பியைத் தட்டிவிட்டு மிதித்தார். வென்டல் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுத்து ரஸ்ஸின் வாயிலேயே போட்டார். ஒரு பல் சரளையில் தெறித்தது. ரஸ் தலையால் முட்டியதில் வென்டலின் மூக்கு முறிந்த சத்தம் என் நாற்காலி வரை கேட்டது. இருவருக்கும் சேர்த்து வயது நூற்று நாற்பத்தொன்று. கட்டிப் புரண்டு கள்ளிச்செடிக்குள் போய் விழுந்தார்கள். காதைக் கடித்தார் ஒருவர். கண்ணில் மண்ணைத் தேய்த்தார் மற்றவர். சட்டைகளில் முள்ளும் ரத்தமும்.

லோர்னா சுத்தியலோடு இறங்கி வந்தாள்.

ரஸ்ஸுக்கு அடியில் கிடந்த வென்டலின் முகம் மலர்ந்தது. “மண்டையிலயே போடு, லோர்னா.”

அவள் அவர்களைத் தாண்டித் தங்கள் காரிடம் போனாள். இறுகிப்போன இணைப்பு ஆணியை ஓங்கி அடித்தாள். ஒன்று கழன்றது. அடுத்ததையும் அடித்தாள். பிறகு சங்கிலி, மின்கம்பி.

“சங்கிலிய இப்ப தொடாத” என்று வென்டல் ரத்தக்குமிழி விட்டார். “அதுக்கு ஒரு வரிசை இருக்கு.”

“பதினோரு வருஷமா கேட்டிருக்கேன்.”

அவள் காரைக் கிளப்பினாள். ரஸ் தன் பல்லைத் தேடி எடுத்து, கையில் பொத்திக்கொண்டு நொண்டியபடி வந்தார். “அந்த டாக்டர் என்னையும் பாப்பாரா?”

“ஏறுங்க. சீட்ல ரத்தம் படாம உக்காருங்க.”

முன்னால் வீட்டுவண்டிகள் மறித்து நின்றதால், கார் நெடுஞ்சாலைக்குப் போகும் மாற்றுத்தடம் வரை ரிவர்ஸில் பின்னாலேயே போனது, வளைவுகளிலும் தடுமாறாமல். வென்டல் மூக்கைப் பிடித்தபடி ஓடிப் பார்த்தார். பின்சீட்டில் நிறைய இடம் இருந்தது. அவள் நிறுத்தவில்லை.