அக்காவின் நாற்பது நிமிடம்

சனிக்கிழமை மாலை நாலே முக்காலுக்குக் கூடிய கூட்டத்தில் நான்கு பேர் இருந்தார்கள். கதவை ஒட்டிய நாற்காலியில் அம்மா. நீதிமன்றத்தில் தட்டச்சர் என்பதால் நோட்டும் பேனாவும் அவளிடம். அவளுக்கு எதிரே அவளுடைய அண்ணன். வயரிங் வேலையிலிருந்து நேரே வந்ததில் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஜன்னல் பக்கம் பன்னிரண்டு வயது மகள். அவளுக்கு எதிர்ப்பக்கம், நாற்காலியில் முட்டிபோட்டுக்கொண்டு எட்டு வயதுப் பொடியன். மேசை நடுவே, தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த டேப்லெட்; அந்த வீட்டார் வாயில் அது டேப்.

எடுத்துக்கொண்ட விஷயம்: பிள்ளைகள் டேப் பார்க்கும் நேரம்.

ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்த வீட்டில் அதற்கொரு விதித்தாள் உண்டு. அம்மா அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் டைப் அடித்து, கணவனுக்குத் தபாலில் அனுப்புவாள். அவன் இருப்பது டவர் எட்டாத மலைமேல், சுரங்க முகாமில். அவன் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, அடியில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறும். அப்பா கையெழுத்தில்லாமல் அங்கே எந்தச் சட்டமும் நடப்புக்கு வராது.

இந்த வருடமும் அப்படித்தான். பழைய தாளை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினாள். ஐந்து முதல் ஐந்து நாற்பது வரை மூத்தவள். ஆறு இருபது வரை இளையவள். ஏழு வரை பொடியன். ஏழுக்கு டேப் அலமாரிக்குள்.

மூத்தவள் போன மழைக்காலத்திலேயே, ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

பழக்கதோஷம் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரத்தில் தாள் திரும்பி வந்தது. மூன்று வரிக்கும் மூன்று டிக். முதல் வரிக்கும்தான். அவனும் ஒரு வார்த்தை எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை. பிள்ளைகள் தாளைப் படித்துவிட்டு வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று மாதமாக, ஐந்திலிருந்து ஐந்து நாற்பது வரை அந்த டேப்பை யாரும் தொடுவதில்லை. இரண்டு பிள்ளைகளும் அதற்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு. வேலை முடிந்து வந்து முதல் நாள் அதைப் பார்த்தபோது, நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொறுமை என்று அம்மாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த இடைவெளியைக் கவனித்த பிறகு, அடிக்க வேண்டிய கேஸ் கட்டு நிறைய என்று சொல்லி ஆறு மணிக்கு மேல்தான் வீடு திரும்பினாள்; விடுமுறை நாளில் அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்விடுவாள். போன வாரம் மின்விசிறி மாட்ட வந்த அண்ணன் கண்ணில் பட்டதால்தான் இந்தக் கூட்டம்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. பொணத்துக்குக் காவல் உக்காந்த மாதிரி இருந்துச்சு," என்றார் அண்ணன். மகளின் முகம் வெளுத்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "என் வாயில தீய வைக்க. சும்மா கிடக்குற நாற்பது நிமிஷத்தை ரெண்டு பேரும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கங்கன்னுதான் சொல்ல வந்தேன்."

"அது சும்மா ஒண்ணும் கிடக்கல மாமா," என்றாள் மகள்.

அப்போது மணி ஐந்தானது. யாரும் தொடாமலே டேப் வெளிச்சம் போட்டு, 'டிங் டிங்' என்றது. திரையில் மூத்தவள் எப்போதோ போட்டுவைத்த வரி எழுந்தது: 'இது என் நேரம். தொட்டவன் கை இருக்காது.'

பொடியன் மேசையிலிருந்து கைகளை வெடுக்கென்று இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

அம்மா அதை அன்றுதான் பார்த்தாள். இத்தனை நாளும் பிள்ளைகள் அக்காவை நினைத்து ஏங்குகிறார்கள் என்று எண்ணியிருந்தாள். இது ஏக்கம் இல்லை. பையன் பயந்துபோயிருந்தான்.

"ஏன்டா கண்ணு கையை எடுத்துட்ட?"



"சொல்லுடா," என்றாள் மகள். "நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"அன்னைக்கு அக்கா நேரத்துல நான் புடுங்கிட்டேன்மா," என்றான் அவன் டேப்பைப் பார்த்தபடியே. "தலை வலிக்குது, எடுத்துத் தொலைன்னு விட்டுட்டா. முழுசும் நானே வெளையாடிட்டேன்."

"என்னைக்குப்பா?" என்றாள் அம்மா.

"காய்ச்சல் வந்த அன்னைக்கு." மூக்கை உறிஞ்சினான். "அதான் தினம் திருப்பிக் குடுக்கறேன். எவ்வளவு குடுத்தாலும் மறுநாளும் கேக்கறா."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது அலாரம்டா மருமகனே. அது பாட்டுக்கு அடிக்கும்."

"தெரியும் மாமா. அக்காதான வெச்சா?"



அம்மாவின் பேனா நின்றது. பழக்கதோஷமாம்! முதல் வரிக்கு வந்தபோது அவள் விரல்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வீட்டில் எங்காவது, ஒரு நாளில் நாற்பது நிமிடமாவது, மூத்தவளுக்கென்று ஓர் இடம் இருக்கட்டும் என்று அடித்தாள். அந்த இடத்தில் இந்தப் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறாள்.

"இங்க பாரு," என்றாள். "அந்தப் பேரை டைப் அடிச்சது நான். அக்கா கேக்கலப்பா. கேட்டது அம்மா. அக்காவோட நேரம் அக்காவுக்கு என்னைக்கோ போய்ச் சேந்தாச்சு. இன்னையிலேருந்து அந்த வரி கிடையாது."

"அக்கா கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கிட்டா என்கிட்ட வரட்டும். வந்து என்னைக் கேக்கட்டும். அவ வந்தா..."  மகள் எழுந்து வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"அப்பா கையெழுத்துப் போடணுமேம்மா. போடலைன்னா?" என்று கேட்டாள் மகள்.

திங்கட்கிழமை வரை டைப்புக்குக் காத்திருக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அங்கேயே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கையால் எழுதினாள். ஐந்து நாற்பது முதல் ஆறு இருபது வரை மகள். ஏழு வரை மகன். அதற்கு முன்னும் பின்னும் டேப் அலமாரியில். இரண்டே பெயர்கள். தாள் அகலமாகத் தெரிந்தது.

இன்னொரு தாளில் கணவனுக்கு எழுதினாள்:

'நீங்கள் போட்ட டிக்கைப் பார்த்தேன். நான் அடித்த வரியை நீங்களும் பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள். நாம் இருவரும் பேசாமல் மூடி வைத்ததைப் பையன் மூன்று மாதமாகச் சுமந்திருக்கிறான். உங்கள் கையெழுத்துக்குக் காத்திராமல் இந்த விதி இன்றே நடப்புக்கு வந்துவிட்டது. அவள் பெயரை எடுத்துவிட்டேன். படித்ததும் பதில் எழுதுங்கள். விதியைப் பற்றி வேண்டாம், அவளைப் பற்றி எழுதுங்கள்.'

இரண்டையும் மடித்து உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினாள்.

"அண்ணே," என்றாள் எழுந்து. "அந்த அலாரத்தை எடுத்துடு. நாங்க திரும்பி வர்றதுக்குள்ள எடுத்துடு."

பொடியன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தான். தெருமுனைத் தபால் பெட்டியின் வாய்க்குள் உறையை நுழைத்தவள், நுனியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"விடும்மா," என்றான் அவன்.

விட்டாள். உள்ளே அது விழுந்தது கேட்டது.