பயம் எவ்வளவு நேரம் இருக்கும்?

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய பதினான்கு வயது மகளுக்கோ பேருந்தில் ஏறவே பயம். கேட்டவர்கள் சிரித்தார்கள், வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் பேருந்து நெரிசலில் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்தே போய்விடுவோம் என்று பயந்து பாதி வழியில் இறங்கிவிட்டாள். அதன்பின் கொஞ்ச நாள் அப்பாவின் சைக்கிளில் பள்ளிக்குப் போனாள். பிறகு அதுவும் நின்று வீட்டோடு முடங்கினாள். இதயத்தில் குறையில்லை என்று சோதித்துச் சொன்ன மருத்துவர், பிள்ளைகளுக்கான மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே அம்மா முந்திக்கொண்டார். "மாத்திரையில சரியாயிடுமா டாக்டர்? இல்ல, அதுவே பழக்கமாயிடுமா?"

"என்கிட்ட யாருமே கேக்கல," என்றாள் மகள்.

மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "நீ கேளும்மா."

"மாத்திரை போட்டா நான் வேற ஆளா மாறிடுவேனா?"

"மாறமாட்டே. பயத்தோட வேகம் குறையும். சில பேருக்கு அது தேவைப்படும். ஆரம்பத்துல வயித்தக் கலக்கலாம், அதனால அடிக்கடி பாத்துக்குவோம். ஆனா உனக்கு முதல்ல வேற வழி பாக்கலாம். பயப்படுற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா போய்ப் பழகறது."

"நடுவுல பயம் வந்துட்டா?"

"வரட்டும். வராட்டி எதைப் பழகறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"நீயே பாத்து வந்து சொல்லேன்."

பிறகு அம்மாவிடம், "ஒண்ணும் ஆகாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க. அந்த வார்த்தை இல்லாம அவளால நகர முடியாம போயிடும். பயமா இருந்தாலும் உன்னால தாங்க முடியும்னு சொல்லுங்க," என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க அவர் சொன்னதே அந்த வார்த்தையைத்தான்.

முதலில் பணிமனையில், ஓடாத பேருந்தில் சும்மா உட்கார்ந்தாள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கதவை மூடி உட்கார்ந்தாள். அது சலித்ததும் கூட்டமில்லாத நேரத்தில் நிஜப் பயணம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடியில் மகளின் வெளுத்த முகம் தெரிந்தது. அம்மாவுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டு ஓட்டினார். மகள் கம்பியைப் பிடித்தபடி தன் நெஞ்சையே கவனித்தாள். படபடப்பு ஏறியது, நின்றது, மெல்ல இறங்கியது.

"தானாவே குறையுதும்மா! நான் ஒண்ணுமே செய்யல!"

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. நெரிசலில் இரண்டு முறை பாதியில் இறங்கி அழுதாள். பயணம் பழகுவதை விடாமல், கூடவே மாத்திரையும் கொஞ்ச காலம் போடலாம் என்றார் மருத்துவர். "அப்ப நான் தோத்துட்டேனா?" என்றாள். "கால் உடைஞ்சா கட்டு போடறோமே, அது தோல்வியா?" என்றார் அவர். எப்படி நிறுத்துவது, யார் முடிவு செய்வது என்று அவளும் அப்பாவும் குடைந்து கேட்டார்கள். எல்லாம் விளங்கிய பிறகே சரி என்றார்கள்.

பள்ளி முதலில் அரை நாளாகத் தொடங்கி, பிறகு முழு நாளானது.

ஒருநாள் காலை தோழியோடு பேருந்தில் ஏறினாள். கடைசி இருக்கைக்குப் போய் ஏதோ பேசிச் சிரித்தாள். ஓட்டுநர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்னைத் தெரியாத மாதிரியே உக்காந்திருந்தா," என்று வீட்டில் அம்மா குறைப்பட்டார்.

"பதினாலு வயசுல வேற எப்படி இருப்பா?" என்றார் அப்பா. அம்மா முறைக்கப் பார்த்தார், சிரிப்புதான் வந்தது.